வாத்துகள் ஆஜராகவில்லை

நகராட்சிக் கட்டடத்து மாடி.
கீழே தபால் பிரிக்கும் சத்தம்.
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர்:
படகுக்குச் சாயம் பூசும் லூட்விக்,
சவ வண்டி ஓட்டும் யோருன்,
பள்ளிக்கூடத்தில் சமைக்கிற நான்.
கறுப்பு அங்கி யாருக்கும் இல்லை.
என் விரலில் வெங்காய வாடை.
நார்வேயின் இந்த வடகரையில்
சில்லறை வழக்குகள்
கோர்ட்டுப் படி ஏறுமுன்
எங்கள் ஆறிப்போன காபியைக் குடித்தாக வேண்டும்.

எதிரே இருவர். ஆளுக்கொரு தீவு.
கடல் வற்றினால்
முழங்கால் நனைய நடந்துவிடும் தூரம்.

ரெய்டார் கேட்பது பதினாலாயிரம் குரோனர்.
தன் தீவில், தான் அடுக்கிய கல்வீடுகளில்
அடைகாத்துப் போன வாத்துகளின் நெஞ்சுப் பஞ்சு,
இருபத்திரண்டு கூடு.
ஆஸ்லெய்க் அள்ளிக்கொண்டு போனாள் என்கிறார்.
"போனேன்" என்கிறாள் ஆஸ்லெய்க்.
அத்தோடு சரி.

வாத்து யாருடையது என்று கேட்டான் லூட்விக்.
இருவரும் ஒரே நேரத்தில்
அவனை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கடற்காட்டு வாத்து. தானாக வரும்.
வசந்தத்தில் உலர்ந்த பாசியை
மெத்தைபோல் உள்ளே பரப்பி வைக்க வேண்டும்.
ஆணி அடிக்கக் கூடாது.
புது நிறத்தில் சட்டை போடக் கூடாது.
நாயைக் கட்ட வேண்டும், கோபத்தையும்.
பிடித்திருந்தால் தங்கும்.
போகும்போது பஞ்சை விட்டுப் போகும்,
வாடகை மாதிரி.

யோருன் மெதுவாகக் கேட்டாள்,
பிணத்தின் உறவுகளிடம் பேசிப் பழகிய குரலில்:
"ஏப்ரலில் பாசி பரப்பியது யார்?"

ரெய்டார் வாய் திறந்தார். மூடினார்.
ஏப்ரலில் அவர் ஆஸ்பத்திரியில்,
மார்பைப் பிளந்து தைத்த நிலையில்.
அது எங்களுக்கும் தெரியும்,
இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.
இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

"வீடு காலியாக இருந்தால்
அடுத்த வருஷம் வராதுகள்"
என்றாள் ஆஸ்லெய்க், ஜன்னலைப் பார்த்து.
பதினோரு நாள், வற்றும் நேரம் பார்த்து,
முதுகில் பாசி மூட்டையோடு
நீரைக் கடந்திருக்கிறாள்.
ஒருமுறை திரும்புமுன் கடல் ஏறிவிட்டது.
அந்த இரவு அவர் படகுக் கொட்டகையில் படுத்தாளாம்.
"தார்பாயில் எலி" என்றாள்,
அதுவும் ஒரு எதிர்வழக்கு என்பதுபோல.

"சொல்லியிருக்கலாமே."
"நீ கேட்டிருக்கலாம்.
நேரே நோட்டீஸ் அனுப்பினாய்."

என் மணமுறிவு கோர்ட்டில்தான் முடிந்தது.
முப்பத்தோரு பக்கத் தீர்ப்பு, பிழையே இல்லை.
சாப்பாட்டு மேசை எனக்கு என்று அதில் இருந்தது.
அதன் ஒரு கால் ஆடும்,
அவன்தான் அட்டை மடித்து வைப்பான்
என்பது இல்லை.
எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள் அதை?

மாலை நான்கு மணிக்குப் படிவம் எழுதினோம்.
பஞ்சில் பாதிக்குப் பாதி.
சுத்தம் செய்யும் கூலி ரெய்டாருடையது,
யாழ்போல் நரம்பு கட்டிய அந்தச் சட்டம்
அவரிடம்தான் இருக்கிறது.
கையெழுத்து விழுந்தால் இதுவும் தீர்ப்புக்குச் சமம்.

பேனாவை எடுத்த ரெய்டார் நிறுத்தினார்.
"இன்னொன்று. மே மாதம் அவள் மருமகன்
அந்த மோட்டார் படகை எடுக்கக் கூடாது."
"இவர் ரேடியோவையும் வைக்கக் கூடாது."
யாருக்காக இந்த நிபந்தனை என்று
படிவம் கேட்டது.
வாதி, பிரதிவாதி, இரண்டே கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
லூட்விக் அதன்மேல் முத்திரை குத்திவிட்டான்.

சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.
பேச்சு இன்னும் கிடையாது.
கூட்டுறவுக் கடையில் ஒருவர் ரொட்டிப் பக்கம் நின்றால்
மற்றவர் மீன் பக்கம்.

ஆனால் இந்த ஏப்ரலில்
பள்ளிக்கு மீன் வாங்கப் படகில் போனபோது பார்த்தேன்:
அவள் கரையில், அலை தொடாத மேட்டில்,
ஒரு மூட்டை உலர்ந்த பாசி.
மேலே கல் வைத்திருந்தது.
முடிச்சு, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற முடிச்சு.

இஞ்சினை அணைத்துவிட்டுத்
துடுப்புப் போட்டுக் கடந்தேன்.